குடலிற் குடியிருப்போர்

இரு கிழமைகளுக்கு முன்னர் இப்பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஒன்றை நாம் பலமுறை எடுத்து வாசித்தோம். எழுதியவர் உயர்தர வகுப்பிற் பயிலும் ஒரு மாணவி. அவருடைய தாயாருக்குப் பெருங்குடலிற் புற்றுநோய் கண்டு, சத்திரசிகிச்சை முடிந்து ஒரு மாதமாகிறது. மருந்துச் சிகிச்சை இனிமேற்றான் தொடங்க இருக்கிறது. இதற்கிடையில் நலம் விசாரிக்க வந்த பெரியப்பா ஒருவர், பெரிய பேணி ஒன்றை மேசைமீது வைத்துவிட்டுச் சென்றிருக்கிறார். அதில் இருப்பது நல்ல பற்றீரியாக்கள் கலந்த மாவாம். காலையும் மாலையும் ஒவ்வொரு கரண்டி உட்கொண்டால் நோய் திரும்பி வாராதாம். விலையோ அந்தக் குடும்பத்தின் ஒரு கிழமைச் சமையற் செலவுக்குக் குறையாது. "பற்றீரியா நோயைத் தருவது என்றல்லவா படித்தோம்? அதையே உண்டு நோயைத் தடுப்பது எங்ஙனம்? அம்மாவுக்கு இதைக் கொடுக்கலாமா, கூடாதா?" என்று மாணவி கேட்கிறார்.

கேள்விகள் இரண்டு. முதலாவது விஞ்ஞானத்தைச் சேர்ந்தது. இன்று நமக்குள்ள இடத்திற் பெரும்பகுதியை அதுவே பிடித்துக்கொள்ளும். இரண்டாவதை இறுதியில் எடுத்துக்கொள்வோம்.

கிருமி என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் என்றும் நற்பெயர் இருந்ததில்லை. வாந்திபேதியையும் நெருப்புக் காய்ச்சலையும் கண்ட மக்கள் கிருமிக்கு அஞ்சியது நியாயமே. கொதித்தாறிய நீரைப் பருகு, கையைக் கழுவு என்று தாய்மார் கூறியதனாற் பிழைத்த உயிர்கள் எத்தனையோ. ஆயினும் நோய் விளைக்கும் பற்றீரியாக்கள் அந்தப் பெருங்குலத்தில் மிகச் சிறு பகுதியே. எஞ்சியவற்றுட் பல நம்மைத் திரும்பியும் பாராதவை. சில நம்முடனேயே வாழ்பவை. மனித உடலில் எத்தனை பற்றீரியாக்கள் உள்ளன என்று 2016ஆம் ஆண்டில் மூன்று விஞ்ஞானிகள் மீண்டும் கணக்கிட்டுப் பார்த்தனர். எழுபது கிலோகிராம் நிறையுள்ள ஓர் ஆடவரின் உடலில் ஏறக்குறைய 38 இலட்சம் கோடி இருக்கும் என்பது அவர்கள் கண்ட முடிவு. அவருடைய சொந்த உடற்கலங்களோ 30 இலட்சம் கோடி. அத்தனை பற்றீரியாக்களையும் திரட்டித் தராசிலிட்டால் 200 கிராம் அளவே தேறும். அவற்றுள் மிகப்பெரும் பகுதி வாழும் இடம் பெருங்குடல்.

பெருங்குடல் ஒட்சிசன் இல்லாத இருண்ட இடம். அங்கே இவற்றுக்கு உணவு எங்கிருந்து வருகிறது? நாம் உண்டதில் நம்மாற் சமிக்க இயலாமல் விட்டதே அவற்றின் உணவு. கீரையின் தண்டு, பயற்றின் தோல், தவிடு, பழத்தின் சக்கை ஆகியவற்றிலுள்ள நார்ப்பொருளை உடைக்கும் நொதியங்கள் நம் உடலில் இல்லை. மாப்பொருளிலும் ஒரு பங்கு சிறுகுடலிற் சமியாமல் தப்பிப் பெருங்குடலை அடைகிறது. அதனைச் சமியா மாப்பொருள் என்போம். இவற்றையெல்லாம் பற்றீரியாக்கள் புளிக்கவைத்து உண்கின்றன. நம் பந்தியில் எஞ்சியதே அவற்றுக்கு விருந்து என்று சொல்லலாம்.

குடற் பற்றீரியாக்களைப் பற்றி முதன்முதலிற் பெரும் ஆரவாரம் எழுப்பியவர் ரஷ்யப் பேரரசில் பிறந்து பாரிசில் ஆராய்ச்சி செய்த மெச்னிக்கோவ் என்பார். குருதியிலுள்ள சில கலங்கள் கிருமிகளை விழுங்குகின்றன என்று கண்டமைக்காக 1908இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். குடலில் வாழும் பற்றீரியாக்கள் நஞ்சை விளைத்து முதுமையை விரைவிற் கொணர்கின்றன என்றும், புளித்த பாலிலுள்ள பற்றீரியாக்கள் அவற்றை அடக்கும் என்றும் அவர் நம்பினார். தாமும் அவ்வாறே புளித்த பாலை அருந்திவந்து, 1916இல் எழுபத்தோராம் வயதிற் காலமானார். தயிரை மருந்தாக விற்போர் இன்றும் நோபல் பரிசைச் சுட்டிக்காட்டுவதுண்டு. பரிசு கிடைத்தது தயிருக்கன்று என்பதை மட்டும் சொல்லாது விடுவர்.

புற்றுநோய்ப் பேச்சுக்கு வழிகாட்டியவர் வேறொருவர். அயர்லாந்தில் பிறந்த டெனிஸ் பேர்க்கிற் என்னும் சத்திரவைத்தியர் உகண்டாவில் நெடுங்காலம் பணியாற்றியவர். மேனாடுகளிற் பரவலாகக் காணப்பட்ட பெருங்குடற் புற்றுநோய் ஆபிரிக்கக் கிராமங்களில் மிக அரிதாக இருந்தது அவர் கருத்தைக் கவர்ந்தது. கிராம மக்கள் உண்ட நார்ப்பொருள் மிகுந்த உணவே காரணம் என்று 1971இல் வெளியிட்ட கட்டுரையில் வாதித்தார். அவ்வுணவினால் மலம் பருத்து விரைவில் வெளியேறுகிறது. தீய பொருள்கள் குடற்சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் குறைகிறது என்பது அவர் தந்த விளக்கத்தின் முக்கிய பகுதி. அவர் கண்டது மெய். எனினும் விளக்கத்தில் இன்னும் பாதி மிச்சமிருந்தது.

அந்த மிச்சப் பாதியைத் தேடி நடத்தப்பட்ட ஒரு பரிசோதனையை இங்கே விரித்துரைப்பது தகும். அமெரிக்காவிலுள்ள பிற்ஸ்பேர்க் நகரத்து ஆபிரிக்க வமிசத்தவரிடையே பெருங்குடற் புற்றுநோய் இலட்சம் பேருக்கு 65 என்ற அளவிற் காணப்பட்டது. தென்னாபிரிக்காவின் குவாசுலு நற்றால் பகுதிக் கிராம மக்களிடையே அது இலட்சத்துக்கு ஐந்தையும் எட்டவில்லை. இரு சாராரும் ஆபிரிக்க வமிசத்தவரே. ஆகவே வேற்றுமையைப் பரம்பரையின் தலையிற் கட்டிவிட்டுப் போவது எளிதன்று. ஓக்கீவ் என்னும் வைத்திய அறிஞரும் அவருடைய துணைவர்களும் ஒவ்வொரு பக்கத்திலும் இருபது பேரைத் தெரிந்தெடுத்து, இரு கிழமைகளுக்கு அவர்களின் உணவை மாற்றிவைத்தார்கள். கிராமத்தவருக்கு அமெரிக்கரின் இறைச்சியும் பொரியலும். அமெரிக்கருக்குக் கிராமத்தவரின் சோளமும் அவரையினமும். அமெரிக்கர் உண்ட நார்ப்பொருள் நாளொன்றுக்கு 14 கிராமிலிருந்து 55 கிராமாக உயர்ந்தது. ஆபிரிக்கர் உண்டது 66 கிராமிலிருந்து 12 கிராமாக வீழ்ந்தது. கொழுப்பின் அளவும் அதற்கு எதிர்மாறாக இடம் மாறியது.

முன்னும் பின்னும் குடலினுள் விளக்குக் குழாயைச் செலுத்திப் பார்த்தனர். தொடக்கத்திலேயே அமெரிக்கர் ஒன்பது பேரின் குடலிற் சிறு முளைகள் காணப்பட்டு அகற்றப்பட்டன. புற்றுநோய் பெரும்பாலும் இத்தகைய முளைகளிலிருந்தே பிறக்கிறது. ஆபிரிக்கரில் ஒருவருக்கும் அவை இல்லை. இரு கிழமைகள் கழிந்தபின் பார்த்தபோது அமெரிக்கரின் குடற்சுவரில் அழற்சி தணிந்திருந்தது. கலங்கள் பெருகும் வேகமும் குறைந்திருந்தது. கிராமத்தவரிடம் இவை இரண்டும் ஏறியிருந்தன. பதினான்கே நாள்! புற்றுநோய் உருவாகப் பல்லாண்டுகள் செல்லுமாதலால், இதைக் கொண்டு எவரும் புற்றுநோயிலிருந்து தப்பினார் என்று சொல்ல முடியாது. ஆயினும் குடல் இத்துணை விரைவில் உணவுக்கு மறுமொழி கூறும் என்பதை அறிந்தவர்களும் வியந்தனர். 2015இல் இதன் முடிவுகள் வெளியாயின.

இடையில் நின்று இந்த மாற்றத்தைச் செய்தவை பற்றீரியாக்களே. நார்ப்பொருளைப் புளிக்கவைக்கும்போது அவை சில கொழுப்பமிலங்களை வெளிவிடுகின்றன. அவற்றுள் ஒன்று பியூற்றிரேற்று. வெண்ணெய் கெட்டுக் காறும்போது எழும் வாடைக்குக் காரணமான அமிலத்தின் உறவுப்பொருள் இது; பெயரே வெண்ணெயிலிருந்து வந்தது. வாடையை எண்ணி முகஞ்சுளிக்க வேண்டாம். பெருங்குடலின் உட்சுவரிலுள்ள கலங்களுக்கு வேண்டிய சக்தியிற் பெரும்பங்கை வழங்குவது இப்பொருளே. ஏனைய உறுப்புகள் குருதி கொணரும் உணவை எதிர்பார்த்திருக்க, பெருங்குடல் மட்டும் பற்றீரியாக்களின் கையிலே தன் சாப்பாட்டை ஒப்படைத்திருக்கிறது.

இனி வியப்பான பகுதி. நல்ல கலம் பியூற்றிரேற்றை எரித்துத் தீர்த்துவிடுகிறது. புற்றுநோய்க் கலமோ வெல்லத்தை எரிப்பதிலேயே மோகங்கொண்டது. பியூற்றிரேற்று அதனுள் எரியாமற் சேர்கிறது. சேர்ந்தது கலத்தின் கருவை அடைந்து, அங்கே சில பரம்பரையலகுகளை எழுப்பியும் சிலவற்றை அடக்கியும், கலம் பெருகுவதை நிறுத்துகிறது; கலம் தானே மடியுமாறும் செய்கிறது. ஒரே பொருள் நல்ல கலத்துக்குச் சோறாகவும் கெட்ட கலத்துக்கு நஞ்சாகவும் அமைவதை ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்ட கலங்களிற் கண்டிருக்கிறார்கள். உணவு மாற்றத்தின்பின் அமெரிக்கரின் குடலிற் பியூற்றிரேற்று இரண்டரை மடங்காயிற்று. ஆபிரிக்கரின் குடலில் அது பாதியாய்க் குறைந்தது.

பற்றீரியாக்கள் எப்பொழுதும் நன்மையே செய்யும் என்று யாரும் எண்ணிவிடலாகாது. கொழுப்பு மிகுந்த உணவைச் சமிக்க ஈரல் மிகுதியாகப் பித்தத்தைச் சுரக்கிறது. அதன் மிச்சம் பெருங்குடலுக்கு வரும்போது, அங்குள்ள சில பற்றீரியாக்கள் அதனைக் குடற்சுவருக்குக் கேடுசெய்யும் அமிலங்களாக மாற்றுகின்றன. இரைப்பையில் வாழும் ஹெலிக்கோபக்ரர் பைலோரி என்னும் பற்றீரியா இரைப்பைப் புற்றுநோய்க்கே காரணமாகிறது. அதனைக் கண்டறிந்த அவுஸ்திரேலியர் இருவர் 2005இல் நோபல் பரிசு பெற்றனர். குடலில் வாழும் கோலிப் பற்றீரியாவில் ஒருவகை நமது பரம்பரைப் பொருளையே சிதைக்கும் நஞ்சைச் செய்வதை ஒல்லாந்து நாட்டவர் 2020இல் எடுத்துக்காட்டினர். ஊரில் எல்லா வகையினரும் இருப்பதுபோற் குடலிலும் இருக்கின்றனர். எவரை நாம் ஊட்டி வளர்க்கிறோம் என்பதே கேள்வி.

சமியா மாப்பொருளைக் கொண்டு புற்றுநோயைத் தடுக்க முடியுமா என்று பிரித்தானியரும் பிறநாட்டாரும் கூடி நேரடியாகவே சோதித்திருக்கின்றனர். லிஞ்ச் நோய்க்குறி என்னும் பரம்பரைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பெருங்குடற் புற்றுநோயும் வேறு சில புற்றுநோய்களும் வரும் அபாயம் மிக அதிகம். அத்தகைய 918 பேரில் ஒரு பாதியினருக்கு நாளொன்றுக்கு 30 கிராம் சமியா மாப்பொருளும், மற்றப் பாதியினருக்கு அதுபோற் றோன்றும் சாதாரண மாவும் சராசரி இரண்டாண்டு கொடுக்கப்பட்டன. முடிவு? பெருங்குடற் புற்றுநோய் குறையவேயில்லை. இதைப் பரிசோதனை நடத்தியவர்களே ஒளியாது எழுதினர். ஆயினும் பத்தாண்டுகளுக்கு மேலாக அவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது எதிர்பாராத ஒன்று தெரியவந்தது. இரைப்பை, கணையம், சிறுகுடலின் தொடக்கம் முதலிய மேற்பகுதி உறுப்புகளிற் புற்றுநோய் சாதாரண மா உண்டவர்களில் 21 பேருக்கு வந்திருந்தது. சமியா மாப்பொருள் உண்டவர்களில் ஐவருக்கே வந்திருந்தது. 2022இல் வெளியான இம்முடிவுக்கு முழு விளக்கம் இன்னும் கிட்டவில்லை. பித்தத்தைப் பற்றீரியாக்கள் மாற்றும் விதம் மாறியிருக்கலாம் என்று கருதுகின்றனர். எதிர்பார்த்த கதவு திறவாமல் வேறொரு கதவு திறந்தது என்ற அளவில் நாமும் நின்றுகொள்வோம்.

பற்றீரியாக்களின் உதவி குடலோடு முடிந்துவிடுவதில்லை. உடலிற் புற்றுநோய்க் கலம் தோன்றினால் அதனைத் தாக்கக்கூடிய வெண்குருதிக் கலங்கள் நம்மிடம் உண்டு. ஆனால் அக்கலங்களுக்கு வண்டியின் பிரேக்குப் போன்ற தடுப்புகளும் உண்டு. தந்திரமுள்ள புற்றுநோய் அந்தத் தடுப்பை அழுத்திவிட்டுத் தப்பிக்கொள்கிறது. அதனைத் தளர்த்தும் வழிக்கு அடிகோலிய அமெரிக்கர் அலிசனுக்கும் ஜப்பானியர் ஹொஞ்சோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. இவ்வழியில் வந்த மருந்துகளாற் சிலர் வியக்கத்தக்க வகையிற் குணமடைந்தனர். சிலருக்கு ஒரு பயனும் இல்லை. ஏன் என்பது விளங்காதிருந்தது.

சிக்காக்கோ பல்கலைக்கழகத்தில் எலிகளே இதற்கு ஒரு துப்புக் கொடுத்தன. ஒரே இனத்தைச் சேர்ந்த எலிகளை இரு வேறு பண்ணைகளிலிருந்து வாங்கியிருந்தனர். மெலனோமா எனும் தோற்புற்றுநோய் ஒரு பண்ணை எலிகளில் மெல்ல வளர்ந்தது. மற்றப் பண்ணை எலிகளில் விரைந்து வளர்ந்தது. இரு சாராரையும் ஒரே கூட்டில் விட்டபோது அந்த வேற்றுமை மறைந்துபோயிற்று. எலிகள் ஒன்றன் எச்சத்தை மற்றொன்று தின்னும் வழக்கமுடையவை. அதன்வழி பற்றீரியாக்களும் கைமாறிவிட்டன! தேடிப் பார்க்கையில் பிபிடோ என்னும் இனப் பற்றீரியாக்களுக்கு இதில் முக்கிய பங்கிருந்தது. அவற்றை மட்டும் ஊட்டியபோது புற்று வளர்ச்சி அடங்கியது. தடுப்பைத் தளர்த்தும் மருந்தையும் சேர்த்தபோது ஏறக்குறைய நின்றேவிட்டது. இது நிகழ்ந்தது 2015இல்.

பின்னர் மனிதரிலும் பார்த்தனர். 2018இல் பாரிசில் இவ்வகை மருந்து பெற்ற 249 நோயாளரை ஆராய்ந்தபோது, 69 பேர் சிகிச்சைக் காலத்தையொட்டி நுண்ணுயிர்கொல்லி மருந்துகளையும் உட்கொண்டிருந்தனர். அவர்களின் நிலை மற்றவர்களைக் காட்டிலும் மோசமாயிருந்தது. கிருமியைக் கொல்லும் மருந்து குடலிலிருந்த துணைவரையும் கொன்றிருக்க வேண்டும் என்பது ஊகம். மருந்தாற் குணமடைந்தவரின் மலத்திலிருந்து எடுத்த பற்றீரியாக்களை, அதே மருந்தாற் பயனடையாத மெலனோமா நோயாளரின் குடலில் இட்டுப் பார்க்கும் துணிவும் சிலருக்கு வந்தது. பிற்ஸ்பேர்க்கில் 15 பேரில் அறுவரும், இஸ்ரேலில் 10 பேரில் மூவரும் அதன்பின் மருந்தாற் பயன்கண்டனர் என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. தொகை சிறிது, எனினும் வேறு வழியற்று நின்றவர்கள் அவர்கள்.

மாணவியின் பேணிக்கு நம்மைத் திரும்பக் கொண்டுவருவதும் அதே ஆண்டில் வெளியான ஒரு செய்திதான். அமெரிக்காவின் ஹூஸ்ரனில் இத்தகைய சிகிச்சை பெற்ற மெலனோமா நோயாளர் 128 பேரின் உணவை விசாரித்தனர். நாளுக்கு ஐந்து கிராம் நார்ப்பொருள் கூடக்கூட, நோய் முற்றுவதோ உயிரிழப்பதோ ஆகிய அபாயம் 30 சதவீதம் குறைந்து காணப்பட்டது. கடையில் வாங்கிய பற்றீரியா மருந்துகளை உட்கொண்டவர்களுக்கு அதனால் யாதொரு நன்மையும் காணப்படவில்லை. எலிகளுக்கு அவற்றைக் கொடுத்துப் பார்த்தபோது, சிகிச்சையின் பலன் குறைந்தேபோயிற்று. நூற்றுக்கணக்கான இனங்கள் கூடிவாழும் ஓர் ஊருக்குள் ஓரிரு இனங்களை மட்டும் கோடிக்கணக்கிற் கொண்டுபோய்க் கொட்டுவது, அந்த ஊருக்கு நன்மையாகத்தான் முடியும் என்று யார் சொல்ல முடியும்?

ஆகையால் மாணவிக்கு நாம் கூறுவது இது. பேணியைத் திறவாதீர்கள். உங்கள் தாயார் பெறவிருக்கும் மருந்துச் சிகிச்சையின்போது வெண்குருதிக் கலங்கள் வெகுவாகக் குறைவதுண்டு. அத்தகைய நிலையிலுள்ள சிலரின் குருதியில் இந்த 'நல்ல' பற்றீரியாக்களே புகுந்து தொற்று விளைத்ததும் உண்டு. அடுத்த முறை கிளினிக்குக்குச் செல்லும்போது பேணியைக் கையோடு எடுத்துச் சென்று வைத்தியரிடம் காட்டுங்கள். நார்ப்பொருள் மிகுந்த உணவைக்கூட அவரைக் கேளாமல் இன்றே கொடுக்கத் தொடங்க வேண்டாம். குடலில் வெட்டித் தைத்த இடம் ஆறும்வரை மென்மையான உணவையே சிலருக்கு விதிப்பர். எப்போது, எவ்வளவு என்பதை அவரே சொல்லட்டும். இன்னுமொன்றையும் மறவாது கேளுங்கள்: தாய்க்கு இந்நோய் கண்ட குடும்பத்திற் பிள்ளைகளும் தாயின் உடன்பிறந்தாரும் எந்த வயதிற் குடலைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பதே அது. மலத்தில் இரத்தம் கண்டும் மூலவியாதி என்று தாமே தீர்மானித்து, வெட்கத்தால் மாதக்கணக்கில் மறைத்து வைப்போர் நம்மிடையே அநேகர்.

நோயில்லாத மற்றவர்களுக்கோ பேணி எதுவும் தேவையில்லை. வளர்ந்தோர் நாளுக்கு 25 கிராம் நார்ப்பொருளாவது உண்ணவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. நூறு கிராம் வெள்ளைச் சோற்றில் அரைக் கிராமும் இராது. அவித்த சுண்டற் கடலை நூறு கிராமில் ஏழெட்டுக் கிராம் இருக்கும். கோவில் வாசலிற் கடலை விற்கும் ஆச்சியின் கடகத்தில் இருப்பது என்னவென்று இப்போது தெரிகிறதா? சோற்றையும் நாம் தள்ளிவிட வேண்டியதில்லை. வடித்த சோறு ஆறும்போது அதன் மாப்பொருளில் ஒரு பங்கு சமியா மாப்பொருளாக மாறுகிறது. தேங்காயெண்ணெய் சிறிது விட்டுச் சமைத்து, பன்னிரண்டு மணி நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்தால் அந்தப் பங்கு கூடுமென்று கொழும்பு இரசாயன விஞ்ஞானக் கல்லூரி மாணவர் ஒருவரும் அவருடைய ஆசிரியரும் 2015இல் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் கூட்டத்தில் எடுத்துரைத்தனர். அவர்கள் தேடியது உடற்பருமனுக்கு வழி. ஆயினும் குடலிற் குடியிருப்போருக்கும் அது விருந்தே. சோற்றை வெளியில் நெடுநேரம் விட்டுவைத்தால் மாத்திரம் வேறு கிருமிகள் புகுந்துவிடும், கவனம் வேண்டும்.

பெரியப்பாவிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். தம்பி மனைவி பிழைக்க வேண்டுமென்ற தவிப்பிற் செய்தது அது. பேணியை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுக்கச் சொல்லுங்கள். வைத்தியர் அனுமதித்தபின், அடுத்த முறை வரும்போது இரண்டு கட்டுக் கீரையும் ஒரு கிலோ பயறும் வாங்கிவரச் சொன்னால் அவர் மறுக்கப்போவதில்லை.